காட்டுவதற்கில்லாத படங்கள்

இன்று காலை அச்சாறு போடுவதற்காக வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். மணம் மூக்கில் ஏறிய அதே நேரத்தில் மருமகள் வந்து கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டுகஸ்தோட்டையில் யாரோ ஒரு பையன் புதிதாகப் படப்பிடிப்பு நிலையம் திறந்திருக்கிறானாம். முதலில் வருகிறவர்களுக்குப் பாதி விலை, சிநேகிதியைக் கூட்டிவந்தால் சிநேகிதிக்குச் சும்மா, எடுத்த படத்தைத் தன் பக்கத்தில் போடச் சம்மதித்தால் இன்னும் கழிவு என்று விளம்பரம் ஓடியது. சிரித்த முகங்களாக வந்து வந்து போயின. மருமகள் விளம்பரக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவள். "மாமி, நீங்களும் ஸ்டூடியோக்காரிதானே. உங்கட காலத்தில ஆக்களை எப்படிப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள். "படத்தைக் காட்டாமல் பிடிச்சனாங்கள்" என்றேன். இந்த மனுஷிக்கு வினாகிரி தலைக்கேறிவிட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு பஸ் பிடிக்கிற அவசரம் இல்லைத்தானே.

வினாகிரிக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இருட்டறையில் படம் கழுவும்போது நடுத்தட்டில் இருக்கும் மருந்துத் தண்ணீருக்கு அசல் அச்சாறு மணம். மாலையில் விடுதிக்குப் போனால் என் கையிலும் அதே மணம் இருக்கும். விடுதியை நடத்திய கன்னியாஸ்திரி, நான் ஏதோ சாப்பாட்டுக் கடையில் வேலை பார்ப்பதாகவே கடைசிவரை நம்பியிருந்தார். நானும் திருத்தவில்லை. படம் பிடிக்கிற கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்பதைவிட அது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஸ்டூடியோ கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி நசீர் நானா, அக்குறணைக்காரர். நல்ல மனுஷன், ஆனால் வாடிக்கையாளரைக் கதிரையில் இருத்திவிட்டு, "சிரிங்க, சிரிங்க" என்று அதட்டுவார். அதட்டலில் சிரிப்பு வந்தவர்களை நான் கண்டதில்லை. என் வேலை நெகட்டிவில் பென்சிலால் முகப்பருவை மறைப்பது, கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னத்துக்கு மெல்ல றோஸ் நிறம் பூசுவது. நசீர் நானா தேநீர் குடிக்கப் போனால் கமெராவுக்குப் பின்னால் நின்று, யாருமில்லாத கதிரையைக் குறிபார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா கண்டிக் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வாடகை வீட்டு யன்னல்கள் எல்லாம் போன பிறகு, இடமாற்றம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். நான் மட்டும் வேலையைச் சாட்டி நின்றுகொண்டேன். அப்பா ஸ்டேசனில் வைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வாற சித்திரை வரைக்கும் பாக்கிறன் பிள்ளை. கடை ஓடேல்லை எண்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திட வேணும்." நான் "ஓம் அப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது. அங்கே எனக்கு ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜரையும் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் படம் வந்தது. ஒரு கன்னத்தில் வெளிச்சம் அடித்து, நாடி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதை எடுத்தவன்மேல் வந்த கோபத்தில் நான் மாப்பிள்ளையைப் பார்க்கவேயில்லை.

ஆகவே கடை ஓட வேண்டும். கடை ஓடினால் நான் கண்டியில் நிற்கலாம், என்றைக்காவது கமெராவைத் தொடலாம். ஓடாவிட்டால் சங்கக்கடை. ஆனால் கலவரத்துக்குப் பிறகு யார் ஐயா கோட்டுப் போட்டுப் படம் எடுக்க வருகிறார்கள்? வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. கலியாணங்களைச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் முடித்துக்கொண்டார்கள். "தங்கச்சி, ஆள் வராட்டி நான் என்ன செய்ற? செவுத்தயா படம் எடுக்கிற?" என்பார் நசீர் நானா.

முதலில் வாசல் கண்ணாடிப் பெட்டியை மாற்றினோம். படியேறும் இடத்தில் இருந்த அந்தப் பெட்டிக்குள் ஒசரிச் சீலை கட்டிய கண்டிய மணப்பெண் ஒருத்தியின் பெரிய படத்தை வைத்தோம். பேரழகி. ஒழுங்கையால் போகிற பையன்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைக்காரருக்குத்தான் வியாபாரம்.

அடுத்தது கோட். அடையாள அட்டை இல்லாமல் வீதியில் இறங்க முடியாத காலம் வந்திருந்தது. அட்டைக்குப் படம் எடுக்கிறவர்களுக்குக் கோட்டும் டையும் இரவல் என்று பலகை போட்டோம். இருந்தது ஒரே ஒரு கோட், நசீர் நானாவின் கலியாணக் கோட், இடது பக்கக் கழுத்துப்பட்டி கொஞ்சம் மடங்கியது. ஒருநாள் மாத்தளை வீதியில் பஸ்ஸை மறித்த சிப்பாய், வரிசையாக அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவன், மூன்றாவது ஆளிடம் நின்று, நீங்கள் எல்லாம் ஒரே இடத்திலா வேலை செய்கிறீர்கள் என்று கேட்டானாம். ஒருவர் மரக்கறி வியாபாரி, ஒருவர் தையற்காரர், ஒருவர் பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவர். எல்லாருடைய கழுத்துப்பட்டியும் ஒரே பக்கம் மடங்கியிருந்தால் அவன்தான் என்ன நினைப்பான். அன்றோடு கோட் அலுமாரிக்குள் போனது.

இந்த நேரத்தில்தான் நசீர் நானாவின் மச்சான் அடிக்கடி வரத் தொடங்கினார். தங்கையின் கணவர், அக்குறணையில் புடைவைக்கடை வைத்திருந்தார். கண்டியிலும் ஒன்று போட அவருக்கு ஆசை. வரும்போதெல்லாம் பையில் அளவு நாடா இருக்கும். கதிரையில் யாராவது படத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க, அவர் பின்னால் சுவரை அளந்துகொண்டிருப்பார். "மச்சான், இந்தப் பக்கம் சீல, அந்தப் பக்கம் சறம். படம் புடிக்கிற வேல இனிச் சரிவாரதில்ல" என்பார். அவர் நாடாவைச் சுருட்டும் சத்தம் கேட்டால் எனக்கு ஊருக்குப் போகிற யாழ்தேவி ரயிலின் சத்தம் கேட்பதுபோல இருக்கும்.

அவருடைய மனைவியைத்தான் நான் சொல்ல வந்தேன். பெயர் ஹாஜரா. எல்லாரும் ஹாஜரா தாத்தா என்பார்கள். நீங்கள் திகைக்க வேண்டாம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். நசீர் நானாவுக்குத் தங்கைதான் என்றாலும் அவரே அவவுக்குப் பயம். சிரிக்காத மனுஷி. ஒருநாள் மாத்தளைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் பஸ்ஸை மறித்து அட்டை கேட்டிருக்கிறார்கள். அவவிடம் அட்டை இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் பலரிடம் இல்லை. அதுவரை தேவைப்படவும் இல்லை. கணவர் வந்து கூட்டிப்போகும் வரை வெயிலில் வீதியோரமாக நிற்க வைத்துவிட்டார்கள். வீடு திரும்பிய ஹாஜரா தாத்தா அட்டை எடுப்பது என்று முடிவு செய்தா. ஆனால் அண்ணனின் ஸ்டூடியோவுக்கு வரமாட்டா. "அங்க ஆம்புளயள் வந்து போற எடம். நானாட கடண்டா என்ன, யாருட கடண்டா என்ன. அந்தப் பென்சில் புடிக்கிற புள்ளய அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டா.

இப்படித்தான் கமெரா என் கைக்கு வந்தது. நசீர் நானா தங்கைக்குப் பயந்து தந்தது. என் திறமையை மெச்சித் தந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான்.

அக்குறணையில் அவவின் வீட்டுக்குப் போனால், ஒருத்திக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் அறை நிறையப் பெண்கள். அக்கம்பக்கத்தார், மச்சிமார், அலவத்துகொடையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள். யன்னலோரம் வெள்ளைப் படங்குத் துணியைக் கட்டி, ஒவ்வொருவராக இருத்தி எடுத்தேன். எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது ஹாஜரா தாத்தா வாசலில் நின்றா.

"கழுவுறது யாரு?"

நான் உண்மையைச் சொன்னேன். கலகெதரையிலிருந்து வருகிற சோமபால என்ற சிங்களவர்தான் இருட்டறை வேலைகளைப் பார்க்கிறவர், தங்கமான மனுஷன், நிமிர்ந்து யாரையும் பார்க்கமாட்டார் என்றேன்.

"நிமிராட்டி என்ன, குனிஞ்சி படத்தத்தானே பாக்கிற?"

அவ கையை நீட்டினா. பிலிம் சுருளைக் கொடுத்தேன். வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டா. "நீ கழுவப் பழகிட்டு வா புள்ள. அதுவரைக்கும் இங்க ஈக்கட்டும்."

வெறுங்கையோடு திரும்பி வந்தவளைப் பார்த்து நசீர் நானா தலையில் கை வைத்தார். சோமபால மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். பழக்கித் தருகிறேன் என்றார். பழைய பிலிம்களில் பழகினேன். பிறகு ஹாஜரா தாத்தாவிடம் போய்ச் சுருளை வாங்கிவந்த அன்று, வாக்குக் கொடுத்தபடி இருட்டறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டேன். சோமபால வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டார்: ஆட்டு, ஆட்டாதே, போதும், எடு. அவருக்கு உள்ளே நடப்பது தெரியாது, எனக்கு அவர் சொல்வது பாதிதான் விளங்கியது. அவர் எடு என்றபோது நான் ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அத்தனை பெண்களும் பிலிமில் அட்டைக்கரி. அச்சடித்தால் முகத்துக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்று முக்காடு போட்ட வட்டங்கள் வந்தன. அன்று இரவு விடுதியில் பெட்டியை இறக்கித் தூசு தட்டினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு அக்குறணைக்குப் போனேன். "திரும்ப எடுக்க வேணும் தாத்தா" என்றேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவ அந்த வெள்ளை வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நீதான் கழுவியிருக்காய் எண்டு வெளங்குது. சோமபால இப்பிடிக் கழுவமாட்டான்" என்றா. அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை அல்லவா. திருப்பி எடுக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும் முன்னைவிடக் கூட்டம். முதல்முறை பயந்து வந்தவர்கள் இரண்டாம் முறை நல்ல சீலையோடும் மாலையோடும் வந்தார்கள். அட்டைக்கு எடுத்த பிறகு, "இன்னொண்டு, சும்மா" என்று மெல்லக் கேட்டார்கள். பிள்ளையோடு ஒன்று, தங்கையோடு ஒன்று, தனியே ஒன்று. நான் சிரிக்கச் சொல்லவில்லை. அதட்டுகிறவர் இல்லாததால் அவர்களே சிரித்தார்கள். அறைக்குள் அப்படி ஒரு கும்மாளம். மருமகள் இதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருப்பாள். எனக்கு அது தேநீரும் இனிக்க இனிக்க வட்டிலப்பமும் கிடைத்த பகல் பொழுது.

எல்லாரும் போன பிறகு ஹாஜரா தாத்தா கதவைச் சாத்தினா. "எனக்கி ஒண்டு எடு. அட்டைக்கி இல்ல" என்றா.

"யாருக்குக் குடுக்க தாத்தா?"

"யாருக்கும் இல்ல. எனக்கித்தான்."

முக்காட்டை எடுத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்தா. நான் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, குசினியிலிருந்து தீய்ந்த மணம் வந்தது. அடுப்பில் இருந்த அடுத்த சட்டி வட்டிலப்பம். நான் கமெராவை விட்டு எழும்பப் பார்த்தேன். "கருகினாக் கருகட்டும், நீ எடு" என்று சொல்லிவிட்டு அவ சிரித்தா. முன்பல் ஒன்று மற்றதன்மேல் சற்று ஏறியிருக்கும். அது தெரியச் சிரித்தா. என் கை தானாக அழுத்தியது. நான் எடுத்தவற்றில் அதுதான் சிறந்த படம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இந்த முறை ஒழுங்காகக் கழுவினேன். படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஹாஜரா தாத்தா இன்னொன்று கேட்டா. "இந்தப் பிலிம் துண்ட வெச்சி எத்தன படமும் அடிக்கேலும்தானே? அப்ப அதயும் தந்திட்டுப் போ." எந்த ஸ்டூடியோவும் நெகட்டிவைக் கொடுக்காது, திரும்ப அச்சடிக்க வருகிறவர்களால்தான் பாதி வருமானம். நசீர் நானாவிடம் கேட்காமலே கொடுத்துவிட்டேன். அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது: பெண்களின் படமும் நெகட்டிவும் அவர்கள் கையில், எங்களிடம் ஒரு துண்டும் இராது.

இனித்தான் சிக்கல். இந்த வேலையை மற்றவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது? நல்ல படங்கள் எடுக்கிறோம், ஆனால் ஒன்றைக்கூட வாசலில் வைக்க முடியாது. நசீர் நானா ஒரு கையை மட்டும் வைப்போமா, மருதாணி போட்ட கை என்றார். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்றேன். கடைசியில் கண்டிய மணப்பெண்ணை எடுத்துவிட்டு, நல்ல பித்தளைச் சட்டம் ஒன்றைச் சிவப்பு வெல்வெட்டின்மேல் வெறுமையாக வைத்தோம். கீழே மூன்று மொழியிலும் எழுதினோம்: 'பெண்களைப் பெண்ணே படம் எடுப்பார், பெண்ணே கழுவுவார். இங்கே காட்டுவதற்கில்லை.'

பேரழகியைப் பார்த்ததைவிடக் கூட்டம் அந்த வெறும் சட்டத்தைப் பார்க்க நின்றது. என்னத்தைக் காட்டமாட்டார்கள் என்று ஆண்கள் கேட்டார்கள். பெண்கள் கேட்காமல் படியேறி வந்தார்கள். அக்குறணையார் மட்டும் என்றில்லை. சிங்கள டீச்சர்மார் வந்தார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நர்ஸ்மார் வந்தார்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து "நம்ம புள்ளைய ஒரு போட்டோ புடிக்கணுங்க" என்று மகளோடு தாய்மார் வந்தார்கள். ஒருநாள் ஒரு பொலிஸ்காரரும் வந்தார். சட்டத்துக்குள் இருந்தது யாருடைய படம், ஏன் கழற்றினீர்கள் என்று விசாரணை. வைக்கக்கூடாத ஆளின் படத்தை வைத்திருந்து ஒளித்துவிட்டோமோ என்று சந்தேகம். அந்தக் காலத்தில் வெறுமையாக இருப்பதும் ஒரு குற்றம். நசீர் நானா வியர்த்து வழிய, சோமபால சிங்களத்தில் பலகையை வாசித்து விளக்கினார். பொலிஸ்காரர் இரண்டு தரம் வாசித்தார். அடுத்த கிழமை மனைவியைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, தான் கீழே மருந்துக்கடையில் நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார்.

சித்திரை கிட்டியது. மச்சான் கடைசி அளவு எடுக்க வந்தார். அன்றைக்கு ஹாஜரா தாத்தாவும் கூடவே படியேறி வந்தா. ஸ்டூடியோவுக்குள் அவ வந்தது அதுதான் முதல்முறை. அவ சுற்றிப் பார்த்தா, கதிரையைத் தொட்டுப் பார்த்தா. "இங்க சீலயத் தொங்கவிட்டீங்கண்டா நாங்க படம் எடுக்க எங்க போற?" என்றா.

"நாங்களா?" என்று மச்சான் வாயைப் பிளந்தார். அவருக்கு அட்டைப் படம் மட்டும்தான் தெரியும்.

"ஊரு முழுக்கச் சீல வாங்கிற எதுக்கு எண்டு நெனச்சீங்க? பொட்டிக்குள்ள வெக்கவா?"

மச்சான் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அக்குறணைக் கடையில், படத்தில் நன்றாக விழும் சீலை என்று சொல்லியே நிறைய விற்றார் என்று கேள்வி. நான் அப்பாவுக்குக் கடை ஓடுகிறது என்று எழுதினேன். சங்கக்கடை மனேஜர் வேறு பெண்ணைக் கட்டினார். நானும் பிறகு, பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து வெளிநாடு போகாமல் நின்றுவிட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டேன். படத்தில் அவர் நாடி முழுதாக இருந்தது.

யுத்தம் இழுபட்டு இழுபட்டு முடிந்தது. நசீர் நானா இல்லை, சோமபால இல்லை. ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். ஆண்களின் நெகட்டிவ்களை நசீர் நானாவின் மகன் பெட்டி பெட்டியாக எடுத்துப்போனான். நான் எடுத்ததில் அந்தப் பெட்டிகளுக்குள் ஒன்றும் இல்லை. அத்தனை வருடம் அத்தனை பெண்களை எடுத்தவள், நான் இன்ன மாதிரி எடுத்தேன் என்று காட்ட ஒரு படம் வைத்திருக்கவில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, சில நாட்களில் வயிற்றெரிச்சலும் உண்டு.

போன வருடம் ஹாஜரா தாத்தாவின் மகள் என்னைத் தேடி வந்தாள். உம்மா மௌத்தாகி, இறந்த நாற்பதாம் நாளும் கழிந்துவிட்டது என்றாள். கையில் தாயின் அடையாள அட்டையை வைத்திருந்தாள். அதில் அவ முகத்தை இறுக்கிக்கொண்டு, பஸ்ஸை மறித்தவனை முறைப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தா. "உம்மாட இது மட்டும்தான் ஈக்கி மாமி. பெரிசாக்கேலுமா?" என்றாள். நான் மற்றப் படத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று அவளுக்குத் தெரியாது. அலுமாரி, குர்ஆன் வைக்கும் தட்டு, பெட்டி எல்லாம் பார்த்தாயிற்றாம். தனக்கென்று எடுத்ததைத் தாய் என்ன செய்தாவோ, தெரியவில்லை.

"உம்மா சிரிச்சாவா?" என்று நம்பாமல் கேட்டாள்.

சொன்னேன். யன்னல் வெளிச்சம், கருகிய வட்டிலப்பம், ஏறியிருந்த பல், கட்டியிருந்த பச்சைச் சீலை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்க மாமி" என்றாள். இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டு போகும்போது சீலை பச்சைதானா, நீலமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எடுத்ததோ கறுப்பு வெள்ளைப் படம். பார்த்துச் சொல்ல அதுவும் இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை என்றே சொன்னேன்.